தொட்டாச்சிணுங்கியும் பல்லில்லாத சிங்கமும்

என் அத்தான் வாழ்நாளில் அதிகம் சொன்ன சொல் ஒன்றுதான்: "தொடாதீங்க." கல்யாணமான புதிதில் தூக்கத்தில்கூட அதைச் சொல்லியிருக்கிறார். அக்கா பதறிப்போய் வந்து அழுதாள். "அது அவரோட உத்தியோகம்டி, உன்னைச் சொல்லலை" என்று அம்மா சமாதானம் செய்து திருப்பி அனுப்பினாள். அருங்காட்சியகத்தில் மாடிக் கூடத்துக்குக் காவலாளி அவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தொட்டாச்சிணுங்கி. என்ன, செடியைத் தொட்டால் செடிதான் சிணுங்கும். இங்கே யார் எதைத் தொட்டாலும் இவர் சிணுங்குவார்.

நான் அதே கட்டடத்தில் கீழே டிக்கெட் கொடுக்கிறவள். தன் சிபாரிசில் கிடைத்த வேலை என்று அத்தான் சொல்லிக்கொள்வார், பரீட்சை எழுதிக் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அருங்காட்சியகத்துக்கு மனிதர்கள் ஏன் வருகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். மழைக்கு ஒதுங்க வருவார்கள். கழிப்பறை தேடி வருவார்கள். காதலர்கள் வருவார்கள், மண்பானைக் கூடம் எப்போதும் காலியாக இருக்கும் என்பது அவர்களுக்குள் பரவியிருந்த ரகசியம். வரலாற்று ஆர்வத்தோடு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் எங்கள் ஊழியர்களின் சொந்தக்காரர்கள், டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

அத்தானை ஏதோ ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். தான் காவல் காத்த பொருள்களைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. "இது எந்தக் காலத்துப் பானை?" என்று யாராவது கேட்டால், "ரொம்பப் பழசுங்க" என்பார். "இது யாரோட வாள்?" என்றால், "ராஜாவோடது." "எந்த ராஜா?" என்று விடாமல் கேட்டால் கோபம் வந்துவிடும். "அதான் எழுதி வச்சிருக்குல்ல, படிச்சுப் பாருங்க." அவர் ஒரு நாளும் படித்ததில்லை. ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், எவனாவது பானைமேல் விரல் வைக்கப் போனால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த விஷயத்தில் அவருக்கு ஈடு கிடையாது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கூடத்தில் காவலாளிக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அது ஒரு நாள் அவரோடு சேர்ந்து விழுந்தது. வேறு கேட்டு எழுதிப் போட்டார். காவலாளி நிற்க வேண்டியவர், உட்கார வேண்டியவர் அல்ல என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவர் உட்கார்ந்துகொண்டுதான் எழுதியிருப்பார். அத்தானுக்கு அப்போதே முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. சாயங்காலமானால் கால் வீங்கி, செருப்பைக் கழற்ற அக்கா உதவ வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். நோயாளிகளைவிட நாற்காலிகளில் ஆசை அதிகம். காத்திருக்கும் அறைக்கென்று கைப்பிடியில் சிங்கத் தலை செதுக்கிய மர நாற்காலிகளைச் செய்து போட்டிருந்தார். ஆள்கள் வராமல் கிளினிக்கை மூடியபோது அதில் ஒன்றை அக்கா வாங்கி வந்தாள். இடது பக்கச் சிங்கத்துக்கு முன்பல் இரண்டும் உடைந்திருந்தன. "பல் டாக்டர் வீட்டுச் சிங்கத்துக்கே பல் இல்லை, அப்புறம் எப்படி ஆள் வரும்?" என்றாள் அக்கா. அவளே உட்காரும் இடத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்து, ஒரு கால் குட்டையாக இருந்ததால் பல்புப் பெட்டி அட்டையை மடித்து அடியில் ஒட்டி, மாடிக் கூடத்துக்கு அனுப்பிவைத்தாள். வாள்களுக்கும் பாதி உடைந்த படகுக்கும் நடுவே அதைப் போட்டுக்கொண்டு, அத்தான் ராஜா மாதிரி உட்கார்ந்தார். ராஜா மாதிரி தூங்கவும் செய்தார். அவர் தலைக்கு எண்ணெய் தேய்க்கிற ஆள் இல்லை, ஊற்றுகிற ஆள். வருடக்கணக்கில் சாய்ந்து சாய்ந்து நாற்காலி முதுகில் அவர் தலையளவுக்கு ஒரு கரிய வட்டம் விழுந்துவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் ஒரு பெரிய அதிகாரி வந்து கை வைத்தார். கூடம் கூடமாகச் சுற்றினார், செல்போனைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் எங்கள் தலைமை அதிகாரியிடம் சொன்னார். அந்த அம்மாளை நாங்கள் மேடம் என்போம்.

"எல்லாத்தையும் படம் எடுத்து நெட்ல போட்டுடுங்க மேடம். வீட்ல உக்காந்துக்கிட்டே பாத்துடுவாங்க. அப்புறம் இந்தக் கட்டடம் எதுக்கு? கார் நிறுத்தவாவது ஆகும்."

ஒரு வருடம் பார்ப்பதாகவும், அதற்குள் கூட்டம் வராவிட்டால் இழுத்து மூடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கழிப்பறை எங்கே என்று என்னிடம் கேட்டார். டிக்கெட் வாங்கினால்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

படம் எடுக்க ஒரு கம்பெனி ஆட்கள் வந்து இறங்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, ஒரு எண்ணை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். என்ன பொருள் என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. மாடிக் கூடத்துக்கு அவர்கள் வந்தபோது அத்தான் சாப்பாட்டு டப்பாவோடு கீழே என்னுடன் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போனால் நாற்காலியின் நெற்றியில் எண். தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்கும் எண். வாளியை மட்டும் பதிவேட்டில் ஏறுமுன் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள், ஏனென்றால் அதன்மேல் 'தீ' என்று எழுதியிருந்தது. நாற்காலிமேல் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் இடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பொருளுக்கு எண் விழுந்து பதிவேட்டில் ஏறினால் ஏறியதுதான். அதை எடுக்க ஒரு குழு கூடிச் சம்மதிக்க வேண்டும். அந்தக் குழுவில் பாதிப் பேர் காலமாகிவிட்டார்கள், மீதிப் பேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஆகவே எண் விழுந்த அந்த நிமிஷத்திலிருந்து என் அத்தான் தன் நாற்காலியில் உட்காரவில்லை. யாரும் தடுக்கவில்லை, பார்க்கக்கூட ஆளில்லை. அவராகவே ஒரு கயிற்றைக் கொண்டுவந்து சுற்றிக் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"பைத்தியமா அத்தான் உங்களுக்கு? உங்க நாற்காலி, நீங்க உக்காருங்க" என்றேன்.

"நம்பர் விழுந்துடுச்சும்மா. வேலியே பயிரை மேயலாமா?"

மொத்தக் கட்டடத்திலும் சட்டத்தை மதித்த ஒரே ஆள் அவர்தான். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு கால் வீக்கம்.

படங்களுக்கு விளக்கம் எழுத ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. வீட்டிலிருந்தபடியே படத்தைப் பார்த்து எழுதுகிறவர். எழுதினார் பாருங்கள். "அரச நீதி இருக்கை. பல் நீக்கப்பட்ட இடப்புறச் சிங்கம், போரைத் துறந்த மன்னனின் கருணையைக் குறிக்கிறது. சாய்மானத்தில் காணப்படும் கருவட்டம், முடிசூட்டலின்போது பூசப்பட்ட மூலிகைத் தைலத்தின் சுவடாகும்." அத்தானின் தலை எண்ணெய்க்கு இப்படியொரு யோகம். பல் டாக்டர் உயிரோடு இருந்திருந்தால் மறுபடியும் கிளினிக் திறந்திருப்பார்.

நெட்டில் போட்டதும் பானைகளை யாரும் சீந்தவில்லை. வாள்களை வாள் விற்கிறவன் ஒருவன் மட்டும் பார்த்தான். நாற்காலி பற்றிக்கொண்டது. அந்தக் கருவட்டத்தில் ஒருவருக்கு மன்னனின் முகம் தெரிந்தது, இன்னொருவருக்குத் தொலைந்துபோன தீவின் வரைபடம் தெரிந்தது. முகக் கட்சியும் தீவுக் கட்சியும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். படத்தை விரலால் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம், குட்டைக் காலுக்கு அடியில் பல்புப் பெட்டி அட்டை பளிச்சென்று தெரியும். யாரோ ஒருவர் அதைப் பற்றிக் கேட்டாராம். வரலாறு தெரியாதவன் வாயை மூடு என்று நூறு பேர் பாய்ந்துவிட்டார்கள்.

அப்புறம் கூட்டம் வந்தது. போனிலேயே பார்த்தாகிவிட்ட பொருளை நேரில் வந்து போன் வழியாகவே பார்த்தார்கள். "நெட்ல இன்னும் பெருசா தெரிஞ்சுது" என்று குறைபட்டார்கள். ஒருவர் என்னிடம் வந்து, வெளிச்சம் சரியில்லை, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்றார். வெளிச்சம் வேண்டுமென்றால் வீட்டிலேயே பார்த்திருக்கலாமே என்றேன். என்மேல் புகார் எழுதிவிட்டுப் போனார்.

நாள் முழுக்க மாடிக் கூடத்தில் கூட்டம், நாள் முழுக்க அத்தான் நின்றார். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலு முறை 'தொடாதீங்க' சொன்ன மனுஷனுக்கு இப்போது தொண்டை கட்டிப்போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் படியிறங்கும்போது கால் மடங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால்சட்டையை உயர்த்திப் பார்த்தேன். கணுக்கால் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார்: உட்கார வேண்டும், இல்லையென்றால் நரம்பு வெடித்துப் புண்ணாகி, காலுக்கே ஆபத்து.

நான் நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். அது எங்கள் வீட்டு நாற்காலி என்பதை உடைத்துச் சொன்னேன். மேடம் திகைக்கவில்லை.

"தெரியும்மா. முதல் நாளே தெரியும். அவர் அதுல தூங்குறதைப் பாத்து நானே ரெண்டு தடவை திட்டியிருக்கேனே."

"அப்போ திருப்பிக் கொடுத்துடுங்க மேடம்."

"கொடுத்தா என்ன ஆகும்? எண்ணெய்க் கறையைக் காட்டி ஏமாத்துனாங்கன்னு கிழிப்பாங்க. மறுநாளே இங்க பூட்டு. நீ, நான், உங்க அத்தான், தோட்டக்காரர், எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழியை உடைக்காதே."

"சரி, பக்கத்துல இன்னொரு நாற்காலியாவது போடுங்க."

"போட்டா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. ரெண்டும் நாற்காலின்னு தெரிஞ்சுடும்."

அறிவாளிப் பதில். அத்தானையாவது வேறு கூடத்துக்கு மாற்றச் சொன்னேன். மாடிக் கூடத்தை வேறு யாராலும் காக்க முடியாது என்றார் மேடம். அதில் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். "கேக்கிறவன் கேனையனா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுதும்பாங்க. இங்க நாற்காலியிலயே வடியுதா?" என்று சிரித்தாள். பிறகு அத்தானின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வீக்கத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அதைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்ட நேரத்தில் கையில் காய்கறிப் பையோடு என் ஜன்னலுக்கு முன் வந்து நின்றாள்.

"ஒரு டிக்கெட் குடு."

"எதுக்குக்கா? சும்மா உள்ள போ."

"குடுடீ. நான் யாருக்கும் கடன்பட்டு என் நாற்காலியைத் தூக்கிட்டுப் போகலைன்னு இருக்கணும்."

ஜன்னலை மூடிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். மாடிக் கூடத்தில் நிற்க இடமில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கயிற்றருகே போய் அக்கா உரக்கச் சொன்னாள்.

"தள்ளுங்க எல்லாரும். இது எங்க வீட்டு நாற்காலி. பல் டாக்டர்கிட்ட நான் வாங்குனது. இந்தப் பஞ்சு நான் வச்சுத் தச்சது. அந்தக் கறை என் வீட்டுக்காரர் தலை எண்ணெய்."

கூடமே சிரித்தது. கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றியிருந்த ஒருத்தி, அக்காவின் தோளில் அன்பாகக் கை வைத்தாள்.

"அம்மா, நெட்ல எல்லாம் தெளிவாப் போட்டிருக்காங்க. யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

இன்னொருவன், "ராஜாவோட வீட்டுக்காரம்மா வந்துட்டாங்கப்பா" என்றான். மறுபடி சிரிப்பு. பின்னால் வாசலில் மேடம் வந்து நிற்பதைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. என் அக்கா எதற்கும் கலங்காதவள், அன்றைக்கு அவள் கண் கலங்கியது. முன்பின் தெரியாதவர்கள் சிரித்ததற்காக அல்ல. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சீருடையில் நின்ற தன் புருஷன் வாய் திறக்காததற்காக.

"என்னங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

எல்லாப் போனும் அத்தான் பக்கம் திரும்பியது. ஆமாம் என்றால் கட்டடம் மூடும், இத்தனை பேர் பிழைப்பும் போகும். இல்லை என்றால் இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி பைத்தியக்காரி. எனக்கு அவரை அந்த நேரத்தில் பிடிக்கவே இல்லை. இந்த மனுஷன் 'தொடாதீங்க' என்று சொல்லிவிடுவார் என்று நிச்சயமாக நினைத்தேன், சொன்னால் அவரை அந்தப் படகுக்குள்ளேயே தள்ளுவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

அத்தான் குனிந்தார். தானே கட்டிய கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். ஒரு நாளும் விதி மீறாத கை அது. கயிறு தரையில் விழுந்ததும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"வா. உக்காரு" என்றார்.

அக்கா போய் உட்கார்ந்தாள். காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையைப் பல்லில்லாத சிங்கத்தின் தலைமேல் வைத்து, சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். எங்கிருந்தோ ஒரு கைதட்டல். அப்புறம் கூடமே தட்டியது. கூலிங் கிளாஸ்காரி பக்கத்திலிருந்தவளிடம், "நாடகம்டி! நான் நிஜம்னே நெனச்சுட்டேன்" என்றாள்.

மேடம் பிழைக்கத் தெரிந்தவர். கைதட்டல் ஓய்வதற்குள் முன்னால் வந்து, "வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இந்த நிகழ்ச்சி உண்டு" என்று அறிவித்துவிட்டார். அடுத்த வாரம் கிரீடம் ஒன்றும் செய்துகொண்டு வந்தார். அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் வீட்டுத் துணியோடும் காய்கறிப் பையோடும்தான் வருகிறாள். தன் சம்மதத்துக்கு ஈடாக ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: ஞாயிறு தவிர மற்ற நாளில் மாடிக் கூடம் பாதி நேரம்தான் திறக்க வேண்டும். மேடம் அதை 'அரும்பொருள் பாதுகாப்பு நேரம்' என்று பலகையில் எழுதிப் போட்டார். பாதி நாள் மூடியிருக்கிறது என்றதும் கூட்டம் இரட்டிப்பானது.

வாராவாரம் அக்கா அதே உண்மையைத்தான் சொல்கிறாள். பல் டாக்டர், பஞ்சு, தலை எண்ணெய், ஒரு சொல் பொய் கிடையாது. "எவ்ளோ இயல்பா நடிக்கிறாங்க" என்று வியக்கிறார்கள். வருடக் கடைசியில் அந்தப் பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்தார். அக்கா பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கட்டடத்தை மூடுகிற பேச்சையே எடுக்கவில்லை. இறங்கி வரும்போது என்னிடம், "என்ன இருந்தாலும் இதெல்லாம் நேர்ல பாக்கணும்மா, போன்ல அந்த உணர்வு வராது" என்றார். இந்த முறை கழிப்பறைக்கு நானே வழி காட்டினேன்.

இனி அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்கிறவர்களை என் ஜன்னலில் தினமும் பார்க்கிறேன். எதற்கு என்று எனக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடைசி ஆளும் போன பிறகு ஜன்னலைப் பூட்டிவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக மாடியேறினேன். கூடத்தில் பாதி விளக்கு அணைத்திருந்தது. அக்கா நாற்காலியில் இல்லை. கயிற்றுக்குப் பக்கத்தில், அத்தான் நிற்கிற இடத்தில், அவருடைய தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நாற்காலியில் அத்தான். கால் இரண்டையும் காய்கறிப் பைமேல் தூக்கி வைத்திருந்தார். தலை சாய்ந்து, மன்னனின் முகமோ தொலைந்த தீவோ, அந்தக் கரிய வட்டத்தில் இம்மியும் பிசகாமல் பொருந்தியிருந்தது. வாய் லேசாகத் திறந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.

"எத்தனை வாரமா இப்படி?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னிக்குத்தான். நம்பர் விழுந்துடுச்சு, நம்பர் விழுந்துடுச்சுன்னு கெஞ்சுனாரு. நான் பாத்துக்கறேன், உக்காருங்கன்னேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவரை எழுப்பக் கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடாதே" என்றாள்.